கூரைக்குள் ஒரு குளம்

குற்றாலத்தில் குளித்தவர்கள் எல்லாருக்கும் ஓர் அனுபவம் உண்டு. அருவிக்கு அடியில் நிற்கும்வரை குளிர் தெரிவதில்லை. தலையிலும் தோளிலும் தண்ணீர் மொத்துகிற மொத்தில் வேறு நினைப்பே வராது. வெளியே வந்து, துண்டை எங்கே வைத்தோம் என்று தேடுகிற அரை நிமிடத்தில்தான் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கும். தண்ணீருக்குள் இல்லாத குளிர், தண்ணீரை விட்டு வந்த பிறகு எங்கிருந்து வந்தது?

விடை உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த விடைக்குள் ஒளிந்திருக்கும் ஈரக் காற்றைக் குறைவாக மதிப்பிட்டதால் எத்தனையோ வீடுகளின் சுவர்கள் ஓதம் காத்து உதிர்ந்திருக்கின்றன. ஓர் ஊரில் கட்டடத்தின் உட்கூரையே விழுந்து மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர். இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை என்று சுற்றிலும் தோப்புகளும் வயல்களும். சாரலை அனுபவிப்பதற்கென்றே வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் இங்கே பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரசருக்கும் குற்றாலத்தில் ஓர் அரண்மனை இருந்தது. இப்படிப்பட்ட தோப்பு வீடு ஒன்றின் சொந்தக்காரர், வீட்டோடு ஒட்டினாற்போலக் கூரை போட்ட நீச்சல் குளம் ஒன்று கட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அருவி ஊரில் நீச்சல் குளமா?" என்று சிரித்துவிடாதீர்கள். பங்குனி, சித்திரையில் அருவிக்கரைக்குப் போனால் வெறும் பாறைதான் தெரியும். மழை வலுத்தாலோ, வெள்ளத்துக்குப் பயந்து குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தடை வீண் அல்ல. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று இறங்கிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றுவிட்டது. பிள்ளைகள் பத்திரமாக நீச்சல் பழக வீட்டிலேயே ஓர் இடம் வேண்டும் என்று ஒருவர் நினைப்பது நியாயமே. சரி, நாமே பொறியாளர்களாகி அந்தக் குளத்தைத் திட்டமிடுவோமா?

காலிக் குளம் மிதக்கும்

நீளம் 10 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.25 மீட்டர். பெருக்கினால் 50 கன மீட்டர். அதாவது 50,000 லிட்டர் தண்ணீர். எடை 50 டன்.

"அம்மாடி, 50 டன்னை மண் தாங்குமா?" என்பதே எல்லாருக்கும் முதலில் தோன்றும் கவலை. கவலை வேண்டாம். அந்தப் பள்ளத்திலிருந்து தோண்டி எடுத்துப் போட்ட மண், அதே கனஅளவுள்ள தண்ணீரைவிடக் கனமானது. குளம் நிரம்பிய பிறகு அடியிலுள்ள நிலத்தின்மேல் பாரம் முன்பைவிடப் பெரிதாகக் கூடிவிடப் போவதில்லை. ஒழுகாமல் கட்டுவதும் புதிய வித்தை அல்ல. மொகஞ்சதாரோவில் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழத்தில் ஒரு பெருங்குளம் கட்டி, செங்கல்லுக்குப் பின்னால் நிலக்கீல் பூசிக் கசிவை அடைத்தவர்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள்.

பொறியாளர் பயப்படுவது நிரம்பிய குளத்தைக் கண்டு அல்ல. காலியான குளத்தைக் கண்டு! ஆர்க்கிமிடீசை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தின் அடித்தளமும் சுவர்களும் 20 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் என்றால், அவ்வளவும் சேர்ந்து சுமார் 15 கன மீட்டர் வரும். கான்கிரீட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு. ஆக, காலித் தொட்டியின் எடை 37 அல்லது 38 டன். சாரல் காலத்திலும் ஐப்பசி மழையிலும் தென்காசிப் பக்கத்து வயற்காட்டில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். அந்த நீர் தொட்டியின் அடிப்பகுதிக்கு மேல் 82 சென்டிமீட்டர் உயரம் வந்தாலே போதும். தொட்டி இடம்பெயர்க்கும் நீரின் எடையும் தொட்டியின் எடையும் சமமாகிவிடும். அதற்கு மேலும் நீர் ஏறினால், தொட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது பக்கத்து மண்ணின் உராய்வு மட்டுமே. அதுவும் தோற்றுப்போனால் உங்கள் கான்கிரீட் குளம் படகுபோல் எழும்பி, தரை பிளந்து, குழாய்கள் முறியும். கழுவுவதற்காக மழைக்காலத்தில் தண்ணீரை இறைத்துவிட்டு, மறுநாள் காலையில் கோணலாய் நிற்கும் குளத்தைப் பார்த்து விழித்தவர்கள் உலகெங்கும் உண்டு.

இதற்கு வழி எளிது. குளத்தின் அருகே ஓர் உறைகிணறு இறக்கி நீர் மட்டத்தைப் பார்த்துக்கொள்வது. அடித்தளத்தில், வெளியிலிருந்து உள்ளே மட்டும் நீரை விடும் ஒரு வால்வு பொருத்துவது. இவ்வளவுதான் தண்ணீரின் தொல்லை. இனி வருவதுதான் உண்மையான தொல்லை.

ஐந்து குடம் தண்ணீர் எங்கே போகிறது?

குளத்துக்குச் சுவர் எழுப்பிக் கூரை போட்டுவிட்டோம். அறையின் நீளம் 14 மீட்டர், அகலம் 8 மீட்டர், உயரம் மூன்றரை மீட்டர். பிள்ளைகளுக்குச் சில்லென்று இருக்கக் கூடாது என்று தண்ணீரை 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கிறோம். அறைக் காற்று 30 டிகிரி. காற்றைத் தண்ணீரைவிட இரண்டு டிகிரி சூடாக வைப்பது வழக்கம். ஏன் என்பது இதோ தெரிந்துவிடும்.

தண்ணீர் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை. எந்த வெப்பநிலையிலும் அதன் மேற்பரப்பிலிருந்து வேகம் மிகுந்த மூலக்கூறுகள் தப்பி ஓடிக்கொண்டே இருக்கின்றன. வேகமுள்ளவை போய்விட்டால் எஞ்சியவற்றின் சராசரி வேகம் குறையும். வேகம் குறைந்தால் வெப்பநிலை குறையும். குற்றாலத்தில் உங்கள் பற்களைத் தந்தியடிக்க வைத்தது இதுதான். தோலின்மேல் படிந்த மெல்லிய நீர்ப்படலம் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் உடம்பிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

எவ்வளவு வெப்பம்? ஒரு கிலோகிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் தேவை. இந்த எண்ணின் பெருமை சும்மா சொன்னால் புரியாது. பேரருவியில் ஒரு கிலோகிராம் தண்ணீர் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று கொள்ளுங்கள். அவ்வளவு ஆரவாரமாக விழுந்து அது வெளியிடும் ஆற்றல் ஏறக்குறைய 600 ஜூல் மட்டுமே! அந்த ஆற்றல் முழுதும் வெப்பமானாலும் தண்ணீர் 0.14 டிகிரிதான் சூடாகும். (ஜூல் தம் தேனிலவின்போதும் வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலை அருவியில் இதை அளக்க முயன்றார் என்று ஒரு கதை உண்டு.) ஓசை இல்லாமல், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவது, அதே ஒரு லிட்டர் பேரருவியில் விழுவதைப்போல் நாலாயிரம் மடங்கு பெரிய நிகழ்ச்சி.

நம் குளத்தின் பரப்பு 40 சதுர மீட்டர். காற்றில் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடு இருந்தால், யாரும் நீந்தாமல் சும்மா கிடக்கும்போதும் அவ்வப்போது நீந்தும்போதும் சேர்த்து, சராசரியாக மணிக்குச் சுமார் 3 லிட்டர் ஆவியாகும் என்று பொறியாளர்களின் கணக்கு சொல்கிறது. நாளைக்கு 70 லிட்டருக்கு மேல். அதாவது தினமும் ஐந்து குடம் தண்ணீரை யாரோ ஒருவர் அந்த அறைக்குள் புகையாக ஊதிவிட்டுப் போகிறார்! அதோடு போகிற வெப்பம் 2 கிலோவாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை இரவும் பகலும் தண்ணீருக்குள் எரியவிட்டால்தான் குளம் 28 டிகிரியில் நிற்கும். மின்சாரக் கணக்கில் ஒரு நாளைக்கு 48 யூனிட்.

காற்றைத் தண்ணீரைவிடச் சூடாக வைப்பதும் குளித்து எழுந்தவர் நடுங்காமல் இருக்கத்தான். ஆனால் சூடான காற்று ஏராளமான நீராவியைச் சுமக்கும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் நீராவி வரை தாங்கும். 60 விழுக்காடு ஈரப்பதத்தில் இருப்பது 18 கிராம். அந்தக் காற்றை 21 டிகிரிக்குக் குளிர்வித்தால் நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும். இதுதான் பனிநிலை. ஈரப்பதம் 80 விழுக்காடு ஆனால் பனிநிலை 26 டிகிரிக்கு ஏறிவிடும். சாரல் இரவில் வெளியே 23 டிகிரி என்றால், கண்ணாடி ஜன்னல், இரும்பு உத்திரம், தளத்தின் அடிப்பக்கம் எல்லாம் 26 டிகிரிக்குக் கீழே போகும். எங்கும் வியர்க்கும். மேலிருந்து குளிர்ந்த துளி கழுத்தில் சொட்டும். வீட்டுக்குள் திறக்கும் கதவு வழியாக நீராவி புத்தக அலமாரிக்கும் துணிப் பெட்டிக்கும் போய்ச் சேரும். சுவர் ஓதம் காக்கும், காரை உப்புப் பூத்து உதிரும், பூஞ்சணம் படரும்.

ஜன்னலைத் திறந்தால் போதாதா?

நல்ல கேள்வி. பதில், நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ராஜஸ்தானில் ஜோத்பூருக்குப் போவோம். அங்கே உமைத் பவன் அரண்மனையின் நிலவறையில் உட்கூரைக்குக் கீழே ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. ராசிச் சின்னங்கள் அதற்கு அலங்காரம். பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1929இல் தொடங்கி 1943இல் கட்டி முடித்த அரண்மனை அது. வரைபடம் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞருடையது. பாலைவன ஓரத்தில் கோடைக் காற்று 35 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 25 விழுக்காடு என்று கொண்டால், ஒரு கன மீட்டரில் இருப்பது 10 கிராம் நீராவிதான். அங்கே குளத்தின் ஆவி தொல்லை அல்ல, விருந்து! வெளிக்காற்றை உள்ளே விட்டால் அது ஈரத்தைத் தாகத்தோடு குடிக்கும். ஆவியாதலால் அறையும் குளிரும்.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இன்னும் எளிது. 0 டிகிரியில் உள்ள காற்று, நிறைவுற்றிருந்தாலும், கன மீட்டருக்கு 5 கிராம் நீராவியைத்தான் சுமக்கிறது. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால், ஒவ்வொரு கன மீட்டரும் 13 கிராம் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். அந்த நாட்டுப் புத்தகங்களில் 'நன்றாகக் காற்றோட்டம் கொடு' என்று எழுதியிருப்பதன் காரணம் இதுவே.

இப்போது குற்றாலத்துக்குத் திரும்புவோம். ஆனியிலும் ஆடியிலும் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவில் காய்ந்து கிடக்க, செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. சாரலின் ரகசியம் அதுதான். அந்தக் காற்று 23 டிகிரியில் நிறைவுற்றிருந்தால், ஒரு கன மீட்டரில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். நம் குள அறையில் நாம் வைத்திருக்க விரும்புவது 18 கிராம்! ஜன்னலைத் திறந்தால் ஈரம் வெளியே போகாது. வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வரும். ஜோத்பூர் வழியும் உதவாது, ஐரோப்பிய வழியும் உதவாது. மேல்நாட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே ஒரு கண்ணாடி மண்டபம் கட்டினால், சாரல் பருவம் முழுதும் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது.

இயந்திரத்தால் செய்யலாம். குளிர்ந்த சுருள் குழாயின்மேல் அறைக் காற்றைச் செலுத்தினால் நீராவி அங்கேயே துளியாகி வடியும். அது விட்ட உள்ளுறை வெப்பத்தைத் திருப்பிக் குளத்துத் தண்ணீருக்கே கொடுக்கவும் முடியும். இயற்பியல் படித்தவனுக்கு இதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இயந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டும். சாரல் காற்றில் தென்னை மட்டை விழுந்து மின்கம்பி அறுந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லை என்றால்? ஐந்து குடமும் ஐந்து குடமுமாகப் பத்துக் குடம் தண்ணீர், போக வழி இல்லாமல் கூரையிலும் சுவரிலும் உட்கார்ந்துகொள்ளும்.

எவர்சில்வர் ஏமாற்றியது

"ஈரம்தானே? துருப்பிடிக்காத எவர்சில்வரில் செய்துவிட்டால் போகிறது" என்று யாராவது சொல்வார்கள். சுவிட்சர்லாந்தில் அப்படித்தான் நினைத்தார்கள்.

சூரிச் நகருக்கு அருகில் ஊஸ்டர் என்ற ஊர். 1972இல் அங்கே கூரையிட்ட பொது நீச்சல் குளம் ஒன்று கட்டப்பட்டது. கனமான கான்கிரீட் உட்கூரை ஒன்றை, மேற்கூரையிலிருந்து துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளால் தொங்கவிட்டிருந்தார்கள். 1985 மே 9ஆம் தேதி அந்த உட்கூரை தண்ணீரின் மேல் விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். வெள்ளமில்லை, நிலநடுக்கமில்லை. கட்டி 13 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

நடந்தது என்ன? குளத்து நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறோம். அது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின்கள் என்ற பொருள்களாகிறது. (நீச்சல் குள வாசனை என்று நாம் சொல்வது சுத்தமான குளோரினின் வாசனை அல்ல, இவற்றின் வாசனை. வாசனை தூக்கலாக இருந்தால் குளம் அழுக்கு என்று பொருள்!) இவை எளிதில் ஆவியாகிக் காற்றில் ஏறி, உட்கூரைக்கு மேலே உள்ள கம்பிகளில் ஈரத்தோடு ஈரமாகப் படிகின்றன. ஈரம் காய்ந்தால் குளோரைடு எஞ்சும். மறுபடி ஈரம், மறுபடி குளோரைடு. ஆண்டுக்கணக்கில் அது செறிந்துகொண்டே போகும்.

எவர்சில்வரைக் காப்பது அதன்மேல் உள்ள, கண்ணுக்குத் தெரியாத குரோமிய ஆக்சைடுப் படலம். செறிந்த குளோரைடு அதில் ஊசிமுனை அளவு ஓட்டை போடுகிறது. கம்பி சும்மா கிடந்தால் அந்த ஓட்டையோடு போயிருக்கும். ஆனால் அது பாரத்தைத் தாங்கி இழுபட்டு நிற்கிறதல்லவா? ஓட்டை விரிசலாகி உள்ளே ஓடுகிறது. இதற்குத் தகைவு அரிப்பு விரிசல் என்று பெயர். வெளியே கம்பி பளபளவென்றே இருக்கும். உள்ளே பாதி அறுந்திருக்கும். இந்த நோய் 50, 60 டிகிரி வெப்பத்துக்கு மேல்தான் வரும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். நீச்சல் குளத்தின் மிதமான சூட்டிலேயே வரும் என்பதை ஊஸ்டர் காட்டியது.

இதில் ஒரு விந்தை. தினமும் தண்ணீரில் நனையும் எவர்சில்வர் ஏணிக்கு இந்த நோய் வருவது அரிது. தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரே படாத, யாரும் எட்டிப் பார்க்காத உயரத்திலிருக்கும் கம்பிதான் சாகிறது. பிறகு ஐரோப்பாவில் விதிகள் கடுமையாயின. இருந்தும் 2011இல் நெதர்லாந்தின் தில்பர்க் நகரில் ஒரு நீச்சல் குளத்தின் கூரையிலிருந்து ஒலிபெருக்கிகள் அறுந்து விழுந்து ஒரு கைக்குழந்தை இறந்தது. அங்கும் அரிக்கப்பட்டது துருப்பிடிக்காத உருக்கே.

கூப்பிட்ட குரல் புரியுமா?

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இதைப் பலரும் நினைப்பதே இல்லை. தண்ணீரும் ஓடும் பளிங்கும் ஒலியை விழுங்குவதில்லை. நூற்றுக்கு 98 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். நம் அறையின் கனஅளவு 392 கன மீட்டர், மொத்தப் பரப்பு 378 சதுர மீட்டர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வாலஸ் சபைன் கண்டறிந்த சூத்திரப்படி கணக்கிட்டால், ஒரு கூப்பாடு அடங்க 8 விநாடிக்கு மேல் ஆகும். நான்கு பிள்ளைகள் கும்மாளமிடும்போது ஐந்தாவது பிள்ளை "மாமா, காலைப் பிடிச்சிக்கிச்சு" என்று கத்தினால், கரையில் இருப்பவருக்கு அது வெறும் இரைச்சல். குளத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

சபைன் ஒலியை விழுங்கும் திறனை அளக்க எதை அலகாக வைத்தார் தெரியுமா? திறந்த ஜன்னலை! ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராதல்லவா? அது நூற்றுக்கு நூறு விழுங்கும். நம் அறையில் ஒரு நீண்ட பக்கத்தை 14 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் திறந்து விட்டால், 8 விநாடி ஒன்றரை விநாடியாகிவிடும். பேச்சு தெளிவாகக் கேட்கும்.

திறந்த பக்கமா? இந்த யோசனையை இன்னும் கொஞ்சம் தொடர்ந்து பார்ப்போமே.

குளப்புரை

செங்கோட்டைப் பக்கம் 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. மலைக்கு அந்தப் புறம், கேரளத்துப் பழைய தறவாட்டு வீடுகளில் குளப்புரை என்று ஒன்று உண்டு. வீட்டுக் குளத்தின் கரையில், படித்துறைக்கு மேலே சாய்வான ஓட்டுக்கூரை. மழையில் நனையாமல் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு, படியிறங்கிக் குளிக்கலாம். தண்ணீர்ப் பக்கம் திறந்தே இருக்கும். குற்றாலத்தைவிடவும் மழை மிகுந்த நாட்டில், கொத்தனாரும் ஆசாரியும் பல தலைமுறை அனுபவத்தில் கண்ட அமைப்பு அது.

அங்கே ஏன் கூரை வியர்ப்பதில்லை? வெளிக்காற்றின் ஈரம் அங்கும் அதேதானே? காரணம் இது: குளப்புரையில் தண்ணீர், காற்று, ஓடு, மரம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. நீராவி துளியாவதற்குத் தன்னைவிடக் குளிர்ந்த பரப்பு வேண்டும். அப்படி ஒரு பரப்பை உண்டாக்கியது நாம்தான். அறையை மூடி, தண்ணீரையும் காற்றையும் சூடாக்கி, கூரையை மட்டும் சாரலில் குளிரவிட்டோம். சூடாக்காத தண்ணீர் ஆவியாவதும் வெகுவாகக் குறையும். எழுகிற கொஞ்ச ஆவியையும் காற்று வாரிக்கொண்டு போய்விடும். குளோரமினும் அதோடு போகும்.

ஆகவே நம் தோப்பு வீட்டுக்காரருக்கு நான் சொல்லக்கூடியது, 28 டிகிரி ஆசையை விட்டுவிடுங்கள் என்பதுதான். அருவித் தண்ணீரில் குளித்துப் பழகிய ஊருக்கு வெந்நீர்க் குளம் எதற்கு? அதை விட்டுவிட்டால் மற்றவை எளிதாகின்றன. சாரல் காற்று மேற்கிலிருந்து வருகிறது. குளம் வீட்டுக்குக் கிழக்கே இருக்கட்டும். வீட்டின் ஈரம் குளத்துக்குப் போகலாம், குளத்தின் ஈரம் வீட்டுக்கு வரக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மீட்டர் அகலத்தில், பக்கம் திறந்த ஒரு நடை. மேற்குப் பக்கம் சுவர்; கிழக்கு திறந்த பக்கம். ஐப்பசியில் காற்று வடகிழக்காகத் திரும்பும்போது சாத்திக்கொள்ள மடக்குக் கதவுகளோ தட்டியோ போதும்.

கூரைக்குத் தேக்கு மரமும் ஓடும். சாய்வு 30 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால், எப்போதாவது வியர்க்கும் துளிகூடக் கழுத்தில் சொட்டாமல் ஓரத்துக்கு வழிந்து போகும். உட்கூரை எதுவும் தொங்கவிடக் கூடாது; கூரையின் ஒவ்வோர் இணைப்பும் கீழிருந்தே கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழைய ஆசாரிகள் ஆணிக்குப் பதில் மரமுளை அடித்து இணைத்தார்கள். குளோரைடால் மரமுளையை ஒன்றும் செய்ய முடியாது.

காவலுக்கு ஒருவர் உட்காரும் பெஞ்சு திறந்த பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெளிச்சம் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிர்ப்புறம் உட்கார்ந்தால் வானத்தின் ஒளி தண்ணீரில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசும். சாய்வாகப் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் கண்ணாடிபோல் ஆகிவிடும். அடியில் ஒரு குழந்தை கிடந்தாலும் தெரியாது. ஒளிவிலகலால் ஒன்றரை மீட்டர் ஆழம், மேலிருந்து பார்க்கும்போது 1.1 மீட்டராகத்தான் தோன்றும். எனவே ஆழத்தைப் பெரிய எண்ணில் கரையில் எழுதிவைப்பது அவசியம். இரவில் குளத்தின்மேல் ஒரு பாலிதீன் விரிப்பை மூடிவைத்தால் ஆவியாதல் அநேகமாக நின்றே போகும். இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூடிய விரிப்பின்மேல் குழந்தைகள் கால் வைத்துவிடாதபடி கதவைப் பூட்டியாக வேண்டும்.

உங்கள் ஊரின் பனிநிலையை நீங்களே அளக்கலாம். ஒரு எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, அதில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்து வெப்பமானியை அதில் வையுங்கள். ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். டம்ளரின் பளபளப்பு எந்த வெப்பநிலையில் மங்குகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சுக்காற்று டம்ளரின்மேல் படக் கூடாது. தென்காசியில் இருப்பவர்கள் சித்திரையில் ஒரு முறை, ஆடிச் சாரலில் ஒரு முறை செய்து பாருங்கள். கோவில்பட்டியில் உறவினர் இருந்தால் அதே நாளில் அங்கும் செய்யச் சொல்லுங்கள். பிறகு அடுக்களையில் சோறு வடிக்கும் நேரத்தில் ஒரு முறை, கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் குளித்த குளியலறையில் ஒரு முறை. நான்கு எண்களையும் வரிசையாக எழுதி, அவற்றுக்குப் பக்கத்தில் அன்றிரவு உங்கள் வீட்டுச் சுவரின் வெப்பநிலையையும் எழுதுங்கள்; எந்தச் சுவர் வியர்க்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தோப்பு வீட்டுக்காரருக்குச் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. குளத்தை இறைத்துக் கழுவப் பங்குனி, சித்திரைதான் காலம். அப்போதும் உறைகிணற்றை எட்டிப் பார்த்து, நீர் மட்டம் தொட்டியின் அடிக்குக் கீழே போய்விட்டதா என்று அளந்த பிறகே மோட்டாரைப் போட வேண்டும்.